ஊர்ச் சங்கமும் ஒதுங்கிக் கிடப்போரும்

(கிராம ஐக்கிய நாணய சங்கத்து அங்கத்தினர்களின் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்ஸ்பெக்டர் வந்தால் தவணை தப்பிய பாக்கியைப் பற்றித்தான் பேசுவார் என்பது நம் கிராமங்களில் ஊறிப்போன எண்ணம். இன்று அந்தப் பேச்சை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, இச்சங்கத்தின் வாசற்படியை ஒருநாளும் மிதியாதவர்களைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். கண்ணிழந்தோர், செவி கேளாதோர், இளம்பிள்ளை வாதத்தால் கால் வழங்காமற் போனோர், பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்டதால் தனித்துக் கிடக்கும் முதியோர் ஆகிய இவர்கள் இல்லாத ஊர் ஏது? 2011-ஆம் வருஷத்து ஜனக்கணிதத்தின்படி இந்தியாவில் உடற்குறையுள்ளோர் ஏறக்குறைய 2 கோடியே 68 லக்ஷம் பேர். அவர்களில் 100-க்கு 69 பேர் கிராமவாசிகள். ஆகவே இது பட்டணத்துத் தர்மப் பிரபுக்களுக்கு மட்டும் உரிய காரியமென்று நாம் கையை உதறிவிட முடியாது.

இதில் நம் இயக்கத்துக்கு ஒரு பழைய பந்தமும் உண்டு. கிராம நாணய சங்கங்களுக்கு மூலபுருஷர் ஜெர்மனி தேசத்து ராய்பைஸன் என்பதைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1818-ஆம் வருஷத்தில் பிறந்த அவர் முதலில் பட்டாளத்தில் சேர்ந்தார். கண்ணில் உண்டான வியாதியினால் 1843-இல் அவ்வுத்தியோகத்தை விட நேர்ந்தது. பின்பு வையர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு நிர்வாகியானார். 1846-47-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் அங்கே பஞ்சம் தலைவிரித்தாடியபொழுது, வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, ஏழைகளுக்குக் கடனாக மாவும் ரொட்டியும் கிடைக்கும்படி செய்தார். 1854-இல் ஹெட்டஸ்டார்ப் என்ற ஊரில் ஒரு தர்ம சங்கம் ஸ்தாபித்தார். கவனிப்பாரற்ற குழந்தைகளை வளர்த்தல், சிறையினின்று மீண்டோருக்கு வேலை தேடித் தருதல், ஏழைக் குடியானவர்களுக்கு மாடு வாங்க உதவுதல், கடன் கொடுத்தல் ஆகிய இவையெல்லாம் அதன் நோக்கங்கள். நாளடைவில் மற்றவை நின்றுபோய்க் கடன் கொடுப்பது ஒன்றே எஞ்சியது. 1864-இல் அச்சங்கத்தையே, கடன் வேண்டுவோரும் அங்கத்தினராகிப் பொறுப்பேற்கும் நாணய சங்கமாக அவர் மாற்றியமைத்தார். இதற்குள் அவருடைய கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. 1865-இல் உத்தியோகத்தினின்று விலகினார். 1866-இல் வெளிவந்த அவருடைய நூல், அவர் சொல்லச் சொல்ல அவருடைய மகள் அமாலியா எழுதியது. உலகெங்கும் பரவிய நாணய சங்கங்களின் முறையை வகுத்துக் கொடுத்தவர் தம் கடிதத்தைத் தாமே படிக்க இயலாதவர். ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895-ஆம் வருஷம் முதல் வெளியிட்ட தமது அறிக்கையில் சென்னை மாகாணத்துக்குச் சிபார்சு செய்ததும், 1904-இல் திரூர் கிராமத்தில் முதற்சங்கம் தோன்றியதும் இந்த மனிதரின் வழியிலேதான்.

தனவான்கள் மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் சில வருஷங்களில் ஓய்ந்துபோகிறது. பெறுகிறவனும் அங்கத்தினனாக இருக்குமிடத்தில் காரியம் நிலைக்கிறது. ஹெட்டஸ்டார்ப் சரித்திரத்திலிருந்து நான் அறிந்துகொண்டது இதுவே. ஆகையால் இவர்களுக்காக ஊரில் ஒரு குழு அமைக்க வேண்டுமென்று சொல்லும்பொழுது, தீபாவளிக்கு ஒரு வேஷ்டியும் ஒரு படி அரிசியும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் குழுவை நான் கருதவில்லை.

அங்கத்தினராகச் சேர்க்கச் சட்டம் இடங்கொடுக்குமோ என்று சில பஞ்சாயத்தார் என்னைக் கேட்பதுண்டு. 1912-ஆம் வருஷத்துச் சட்டமே 18 வயது நிறைந்திருப்பதையும், ஒரே ஊரில் அல்லது அடுத்தடுத்த ஊர்களில் வசிப்பதையும் போன்ற யோக்யதைகளைத்தான் கேட்டதேயன்றிக் கண்ணையும் காலையும் கேட்கவில்லை. அச்சட்டத்தின் 34-வது பிரிவு, நிகர லாபத்தில் நாலில் ஒரு பாகத்தை ரிஸர்வ் நிதிக்கு எடுத்த பிறகு, எஞ்சியதில் 100-க்கு 10-க்கு மேற்படாத தொகையை, ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் தர்ம காரியத்துக்குச் செலவிட இடமளித்தது. லாபம் 400 ரூபாயானால், 100 ரூபாய் ரிஸர்வுக்கு. மீதி 300-இல் 30 ரூபாய் தர்மத்துக்கு. அதன்பின் சட்டங்கள் பலமுறை மாறியுள்ளமையால், இப்பொழுது தங்கள் சங்கத்தின் உபவிதிகள் எவ்வளவு அனுமதிக்கின்றன என்பதைக் காரியதரிசி பார்த்துச் சொல்லட்டும். பணம் இதில் சிறிய பங்குதான்.

பெரிய பங்கு எது என்பதற்கு, பெயர் சொல்ல வேண்டாத ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். அங்கே கடன் கணக்குகளை அங்கத்தினர்களிடம் நேரிற் சரிபார்த்து வருகையில், ஒரு பேரேட்டுக்கு உரியவரைத் தேடி ஒரு வீட்டுக் கொல்லைப்புறம் சென்றேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில், இரு கண்ணும் தெரியாத பெரியவர் ஒருவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் சங்கத்தில் கடன் வாங்கியதே இல்லை. பட்டா மாற்றுவதற்கு என்று சொல்லித் தமையன் மகன் அவர் கைநாட்டை வாங்கியிருக்கிறான். பத்திரத்துக்குச் சாட்சியிட்ட இருவரும் அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. “ஐயா, எனக்குக் கண்தான் இல்லை, காது இருக்கிறதே, யாராவது ஒருவர் வாய்விட்டுப் படித்திருக்கலாமே” என்றார். அதற்கு அங்கே நின்ற பஞ்சாயத்தார் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடன் தொகை தமையன் மகனிடமிருந்து வசூலிக்கப்பட்டது. ஆனால் அடுத்த கூட்டத்தில், இத்தகையோரை அங்கத்தினராகவே வைத்துக்கொள்ளாவிட்டால் இவ்வித வம்பு வராதே என்று ஒருவர் பேச, நாலைந்து பேர் தலையசைத்தார்கள். திருட்டுப்போன வீட்டில் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை வெளியே அனுப்பும் நியாயம் இது. நல்லவேளையாக மற்றவர்கள் இசையவில்லை. கண் தெரியாதவர் கைநாட்டு வைக்கும் பத்திரம் எதுவாயினும், அவரே தெரிந்தெடுக்கும் ஒருவர் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். செவி கேளாதவருக்கு அவர் வீட்டுச் சைகை அறிந்தவரைக் கொண்டு விளக்க வேண்டும். நடக்க இயலாதவர் இருக்குமிடத்துக்குச் சங்கத்தார் செல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பெரியவர் பெயருக்கு முன்னால் அங்கத்தினர் பதிவேட்டில் எழுதியிருந்த “குருட்டு” என்னும் அடைமொழியையும் அன்றே அடித்துவிட்டார்கள். தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒருவனுடைய குறையை எழுதும் வழக்கம் வேறு சங்கங்களிலும் கண்டிருக்கிறேன். தங்கள் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

குழுவில் ஐந்தாறு பேர் போதும். இருவராவது பெண்களாயிருத்தல் வேண்டும். படுக்கையிலிருக்கும் ஸ்திரீயிடம் ஆண்கள் சென்று என்ன கேட்பது? உடற்குறையுள்ள ஒருவரும் குழுவில் இருந்தே தீரவேண்டும். முதற்காரியமாகத் தெருத்தெருவாகச் சென்று ஜாபிதா எழுதுக. ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் சேரிக்கும், வயற்காட்டுக் குடிசைகளுக்கும் செல்லுக. வீட்டார் மறைப்பார்கள், பெண்ணின் கல்யாணம் தடைப்படும் என்று அஞ்சி, அவளுக்கு மூத்த ஊமைப் பிள்ளையை உள்ளறையில் வைத்திருப்பார்கள். அவ்வீட்டுக்குள் பெண் அங்கத்தினர் பக்குவமாக நுழைய வேண்டும்.

பிறகு வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் எடுத்து வைத்தல், வந்த கடிதத்தைப் படித்தல், ஆஸ்பத்திரிக்கு வண்டி பேசுதல், சும்மா உட்கார்ந்து ஊர்ச் சமாசாரம் சொல்லுதல் ஆகிய இவற்றில் கடைசியானதைப் பலர் வேலையாகவே எண்ணுவதில்லை. கிழவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். எழுந்திருக்க மாட்டாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது என்பதை வீட்டாருக்குக் கற்பிக்கவும். கண் தெரியாதவர் வீட்டில் வாசலிலிருந்து கொல்லை வரை இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டினால், பிறர் கையைப் பிடியாமல் அவர் போய் வருவார். இச்சங்கக் கட்டடத்துக்கும் மூன்று படிகள் இருக்கின்றன. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமுள்ள சரிவாகக் கட்டினால், சக்கர நாற்காலி பிறர் தூக்காமல் ஏறும். கொத்தனார் இருவர் அங்கத்தினராயிருக்கையில் இது ஒரு பெரிய செலவன்று.

கயிறு திரித்தல், பாய் முடைதல், கோழி வளர்த்தல், கறவை மாடு பேணுதல் ஆகிய தொழில்களுக்குச் சிறு கடன் கேட்டு இவர்கள் வந்தால், மற்றவர்களைக் கேட்கும் கேள்விகளையே கேளுங்கள்; அதிகமாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். சலுகையாகக் கொடுத்துப் பின்பு வசூலிக்கக் கூசுவதும் அவமதிப்புத்தான். குழந்தைகள் விஷயத்தில் தாமதம் கூடாது. பாளையங்கோட்டையில் குருடர்க்கும் செவிடர்க்கும் தனித்தனியே பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏற்பட்டன. இன்று இத்தகைய பள்ளிகள் பல ஊர்களில் உள்ளன. எட்டு வயதுக் குழந்தையை இனிமேல் அனுப்பலாம் என்று பன்னிரண்டு வயது வரை வைத்திருப்பவர்களிடம் குழுவினர் விடாமல் பேச வேண்டும்.

இவ்விஷயத்தை அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்க்கும்படி அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் மறுபடி பரிசோதனைக்கு வரும்பொழுது, பாக்கி ஜாபிதாவோடு இந்த ஜாபிதாவையும் எடுத்து மேஜைமேல் வைக்கவேண்டும்.