இஃப்எரரை எஸ்கியூஎல்லுக்குக் கொண்டுபோகும்போது



எக்செல்லில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு 'இஃப்எரர்' என்ற ஃபார்முலா பழக்கமானது. கணக்குச் சரியாக வந்தால் விடையைக் காட்டும். பிழை வந்தால் நாம் சொல்லிவைத்ததைக் காட்டும். எக்செல்லின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது இது. அதற்கு முன்பு, பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை, விடையை எடுக்க இன்னொரு தடவை என்று ஒரே கணக்கை இரண்டு முறை எழுதவேண்டியிருந்தது.

ஷீட் பெருத்துப்போனதும் கணக்கைத் தரவுத்தளத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கே கேள்வி, அதாவது குவெரி, கேட்கும் மொழி எஸ்கியூஎல். அதன் பொதுவான தரநிலையில் இஃப்எரர் கிடையாது. எக்செல்லில் அது எல்லாப் பிழையையும் ஒன்றாக மூடிவிடும். பூஜ்யத்தால் வகுத்தது, தேடிய பொருள் பட்டியலில் இல்லாதது, எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து வந்தது, ஏன், ஃபார்முலாவின் பெயரையே தப்பாக அடித்தது கூட அதற்கு ஒன்றுதான். எஸ்கியூஎல்லில் ஒவ்வொன்றுக்கும் தனி வழி தேடவேண்டும்.

வகுத்தலைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரே ஒரு வரியில் பூஜ்யத்தால் வகுத்தாலும் குவெரி முழுவதும் நின்றுவிடும். எஸ்கியூலைட் அப்படி நிற்காது. அந்த இடத்தில் 'நல்' என்று வைத்துவிட்டு மேலே போகும். நல் என்பது பூஜ்யம் அல்ல. மதிப்பே இல்லை என்ற குறி. இரண்டுக்கும் பொருந்தும் வழி 'நல்இஃப்'. வகுக்கும் எண் பூஜ்யமானால் அதை அது நல் ஆக்கிவிடும், விடையும் நல் ஆகும்.

நல்லுக்குப் பதில் வேறு மதிப்பை வைக்கும் 'கோலெஸ்' போட்டு அந்த நல்லையும் பூஜ்யமாக்கிவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. இது எனக்குச் சம்மதமில்லை. ஒரு கடைக்கு மூன்று கிளைகள் என்று வையுங்கள். ஒரு பில்லுக்குச் சராசரி விற்பனை முதல் கிளையில் 200 ரூபாய், இரண்டாவதில் 400. மூன்றாவது கிளை அன்று திறக்கவே இல்லை. அதை நல்லாக விட்டால் எஸ்கியூஎல் அதைத் தள்ளிவிட்டு, கிளைகளின் சராசரி 300 என்று சொல்லும். பூஜ்யமாக்கினால் 200 என்று சொல்லும். திறக்காத கடையால் திறந்த கடைகளின் கணக்கு குறைந்துபோகிறது.

இதைவிடச் சிக்கலானது வி-லுக்அப். பொருளின் குறியீட்டைக் கொடுத்து விலையைத் தேடி, கிடைக்காவிட்டால் பூஜ்யம் போடு என்று எக்செல்லில் எழுதியிருப்போம். எஸ்கியூஎல்லில் அது, விற்பனைப் பட்டியலோடு விலைப்பட்டியலை இணைக்கும் 'லெஃப்ட் ஜாயின்' ஆகும். விலைப்பட்டியலில் இல்லாத பொருளுக்கும் நல் வரும். பட்டியலில் இருந்தும் விலை நிரப்பாத பொருளுக்கும் நல்தான் வரும். பட்டியலின் குறியீடும் வந்ததா என்று பார்த்தால்தான் எது எது என்று பிரிக்கமுடியும். இன்னொன்று: ஒரே குறியீடு பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்தால் வி-லுக்அப் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். ஜாயின் இரண்டையும் எடுக்கும். ஒரு விற்பனை இரண்டு வரியாகி, மொத்தமும் ஏறிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால் ஜாயினுக்கு முன்பே குறியீடுகள் இரட்டித்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது அவசியம்.

எழுத்தை எண்ணாக மாற்றும் இடத்துக்கு எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் 2012 முதல் 'ட்ரை-காஸ்ட்' இருக்கிறது. மாற்றமுடியாததை நல் ஆக்கும். அப்படி நல் ஆன வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எக்செல்லில் ஒரு கட்டத்தில் பிழை இருந்தால் அந்த வரிசையின் கூட்டுத்தொகையே பிழையாகி நம்மை நிறுத்தும். எஸ்கியூஎல்லின் கூட்டுத்தொகை நல்லைத் தாண்டிப் போய்விடும். ஆகவே பழைய ஷீட்டை மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்தால், முதலில் அதிலுள்ள இஃப்எரர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். எந்தெந்தப் பிழை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அதன் பிறகு குவெரியைத் தொடங்குங்கள்.