வாசித்துப் பதில் எழுதியவர்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். விரும்பிய விடயத்தைப் பேசலாம் என்று செயலாளர் சொல்லிவிட்டபடியால், நான் இன்று மேற்கிந்தியத் தீவுகளின் எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஒருவருக்கொருவர் அவர்கள் செய்த உதவி, நூறு வயதான ஒரு சங்கம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

1940களின் தொடக்கத்தில் ஜமேக்கா, ட்ரினிடாட், பார்படோஸ், சென் லூசியா எல்லாமே பிரித்தானியாவின் கீழ் இருந்த சிறு தீவுகள். பாடசாலைப் பிள்ளைகள் தாங்கள் ஒருநாளும் காணாத பனியையும் பூக்களையும் பற்றிய ஆங்கிலக் கவிதைகளை மனனம் செய்தார்கள். எங்கள் அம்மம்மாமாரும் அப்படித்தான் படித்தார்கள். தன் தெருவைப் பற்றி ஒருவர் கதை எழுதினால் அதை அச்சிடப் பதிப்பகம் கிடைப்பது அரிது. அதைவிடப் பெரிய குறை, எழுதியதை வாசித்து “இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை” என்று சொல்ல ஆள் இல்லாதது.

அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். ஊனா மார்சன் 1905இல் ஜமேக்காவில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்தவர். புலமைப்பரிசில் பெற்று, ஹாம்ப்டன் என்ற பெண்கள் விடுதிப் பாடசாலையில் படித்தார். 1928இல் சொந்தமாக ஒரு சஞ்சிகையைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார். 1932இல் லண்டன் சென்றார். உலகப் போர்க் காலத்தில் பிபிசியில் வேலை செய்தபோது, போர்ப் பணியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் பிள்ளைகள் தம் வீட்டாருக்குச் செய்தி சொல்லும் நிகழ்ச்சியை நடத்தினார். 1943இல் அதற்குள்ளிருந்தே ‘கரிபியன் வொய்சஸ்’ என்ற இலக்கிய நிகழ்ச்சியை உருவாக்கினார். மகனின் குரலைக் கேட்க வானொலியின் முன் கூடியவர்களுக்குத் தம் தீவின் கதையும் கவிதையும் கேட்கத் தொடங்கின.

இங்கே ஒரு சிறு செய்தி. 1942இல் பிபிசியில் எடுத்த புகழ்பெற்ற ஒரு புகைப்படத்தில் ஜோர்ஜ் ஓர்வெல், டி. எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோருடன் ஊனா மார்சன் இருக்கிறார். அதே படத்தில் எங்கள் நாட்டுத் தமிழரும் ‘பொயெட்ரி லண்டன்’ சஞ்சிகையின் ஆசிரியருமான தம்பிமுத்துவும் இருக்கிறார்.

போர் முடிந்து மார்சன் ஊர் திரும்பிய பிறகு, 1946 முதல் 1954 வரை ஹென்றி சுவான்சி என்ற ஐரிஷ்காரர் அந்த நிகழ்ச்சியைப் பொறுப்பேற்றார். தீவுகளிலிருந்து எழுதுபவர்கள் தம் பிரதிகளை ஜமேக்காவில் இருந்த கிளாடிஸ் லிண்டோ அம்மையாருக்கு அனுப்புவார்கள். அவர் வாசித்துத் தெரிவு செய்து லண்டனுக்கு அனுப்புவார். சுவான்சி அவற்றுள் சிறந்தவற்றை ஒலிபரப்புவார். எழுதியவருக்குப் பணமும் போகும். சாமுவேல் செல்வன் என்ற ட்ரினிடாட் எழுத்தாளருக்கு, அவருடைய தந்தை மதராஸிலிருந்து வந்தவர், அந்தப் பணமும் அந்த நிகழ்ச்சி தந்த துணிவும் பெரிய பலமாக இருந்தன.

சுவான்சி எல்லோரையும் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வந்தவற்றின் நிறைகுறைகளை வானொலியிலேயே விமர்சித்தார். இங்கிலாந்துக் கவிஞர்களைப் போலப் பாடாமல், உங்கள் ஊரின் வாழ்க்கையை எழுதுங்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்டது. சந்தை, மழை, அயல்வீட்டுச் சண்டை, கரும்புத் தோட்டம் எல்லாம் எழுத்துக்குத் தகுதியானவை என்று ஒருவர் சொன்னதும் பலரின் கை தானாக ஓடத் தொடங்கியது.

என் தொழிலிலும் இதைக் காண்கிறேன். “என்ன செய்யுது அம்மா?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு” என்பார்கள். சற்றுப் பொறுத்திருந்தால், “கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வர இரண்டு தரம் இருந்து எழும்ப வேண்டியிருக்குது டொக்டர்” என்பார்கள். நோய் அந்த இரண்டாவது வசனத்தில்தான் இருக்கும். அதைச் சொல்லலாம் என்ற துணிவு, எதிரே இருப்பவர் கேட்கிறார் என்று தெரிந்த பிறகே வருகிறது.

இனி, பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல் இதைச் செய்தவர்கள். பார்படோஸில் பிராங் கொலிமோர் என்றொரு பாடசாலை ஆசிரியர். 1942 முதல் வெளிவந்த ‘பிம்’ என்ற சிறுசஞ்சிகையைப் பல ஆண்டுகள் நடத்தினார். ஜோர்ஜ் லாமிங் என்ற மாணவனுக்குத் தன் வீட்டு நூலகத்தைத் திறந்துவிட்டார். அவன் ட்ரினிடாட்டில் ஆசிரிய வேலை பெறவும் துணை செய்தார். 1950இல் லாமிங்கும் செல்வனும் ஒரே கப்பலில் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஒரே தட்டச்சுப் பொறிக்காக இருவரும் போட்டி போட்டார்கள். 1952இலும் 1953இலுமாக இருவரின் முதல் நாவல்களும் லண்டனில் வெளிவந்தன.

சென் லூசியாவில் ஒரு தாய். பெயர் அலிக்ஸ் வால்கொட். கணவரை இழந்தவர், ஆசிரியை, வீட்டில் தையலும் தைத்தார். பதினெட்டு வயது மகன் டெரெக் தன் கவிதைகளை அச்சிட இருநூறு டொலர் கேட்டான். அந்த வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல. எப்படியோ தேடிக் கொடுத்தார். 1948இல் நூல் வந்தது. மகன் தானே நண்பர்களிடம் விற்று அந்தப் பணத்தை மீட்டான். கொலிமோர் அந்த இளைஞனைத் தன் சஞ்சிகையில் வரவேற்று எழுதினார். 1992இல் டெரெக் வால்கொட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ட்ரினிடாட்டில் ஒரு தகப்பன். சீபர்சாத் நைபோல் பத்திரிகை நிருபர். 1943இல் தன் கதைகளைச் சொந்தச் செலவில் நூலாக்கினார். மகன் விதியாதர் 1950இல் ஒக்ஸ்போர்ட்டுக்குப் படிக்கப் போன பிறகு, இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்புமான செய்திகளுக்கு நடுவே, தகப்பன் மகனை எழுது என்கிறார்; மகன் தகப்பனை எழுதுங்கள் என்கிறார். தகப்பனின் கதைகளையும் சுவான்சி ஒலிபரப்பினார். 1953இல் சீபர்சாத் இதய நோயால் இறந்தார். மகனின் நூல் ஒன்றையும் அவர் காணவில்லை. ஆனால் தன் மகன் எழுத்தாளனாவான் என்பதை அவர் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை என்பதை அந்தக் கடிதங்களை வாசிப்பவர் அறிவார்.

ஜமேக்காவின் லூயிஸ் பெனெற்றையும் மறக்கக்கூடாது. சந்தைப் பெண்களும் பேருந்துப் பயணிகளும் பேசும் பேச்சிலேயே கவிதை எழுதினார். அது கொச்சை, இலக்கியமாகாது என்று படித்தவர்கள் பலர் ஒதுக்கினார்கள். 1943 முதல் நாட்டின் முன்னணிப் பத்திரிகை அவற்றை வெளியிட்டது. சனங்கள் தங்கள் குரலை அதில் கேட்டார்கள். பிறகு மற்றவர்களும் கேட்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தீவில் எழுதியது லண்டனுக்குப் போய், அங்கே சரி பார்க்கப்பட்டுத் தீவுக்கே திரும்பி வந்தது. இந்த முரணை லாமிங்கே பின்னாளில் சுட்டிக்காட்டினார். எழுத வந்தவர்களில் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். 1958இல் நிகழ்ச்சியும் நின்றது. வழி திறந்துவிட்ட ஊனா மார்சன் 1965இல் இறந்தபோது, அவர் தொடக்கிவைத்த நிகழ்ச்சியால் புகழ் பெற்ற ஆண்களின் பெயர்களே பெரிதாகத் தெரிந்தன. பிரதிகளை ஆண்டுக்கணக்காக வாசித்த கிளாடிஸ் லிண்டோவின் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஊக்கம் கொடுப்பவரின் பெயர் அட்டையில் வராது. ஆகவே அந்த வேலையைச் செய்ய ஆட்கள் எப்போதும் குறைவு.

அன்பான சகோதரிகளே, நூற்றாண்டுக்காகக் கட்டடம் கட்டுகிறோம், அது வேண்டும். அதோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். இந்தப் பாடசாலையில் இன்று படிக்கும் பிள்ளைகளுள் எழுதுகிற பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள். காலை பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவு கடந்தகால வினாத்தாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தான் எழுதியதை யாரிடம் காட்டுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. புள்ளி போடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்; வாசித்துப் பதில் எழுத ஆள் இல்லை.

எங்கள் சங்கத்து உறுப்பினர்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறோம். ஒவ்வொருவரும் வருடத்தில் ஒரு பிள்ளையின் எழுத்தை வாசிப்போம். ஒரு மாதத்துக்குள் ஒரு பக்கம் பதில் எழுதுவோம். எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்வோம். எது சரியில்லை என்பதையும் மறைக்காமல் சொல்வோம். உன் ஒழுங்கையைப் பற்றி, உன் அம்மாவின் அடுக்களையைப் பற்றி இன்னும் எழுது என்று கேட்போம். ஆசிரியைகள் சம்மதித்துப் பிரதிகளைச் சேர்த்துத் தந்தால், முதல் பத்துப் பிரதிகளை வாசிக்க நான் பெயர் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் ஒரு கொப்பி இருக்கும். உங்கள் பெயர்களையும் அதில் எழுதிவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.