பழைய ஸ்கீ படகு: வாங்குவதும் சீரமைப்பதும்

நீர்ச்சறுக்குக்கென்றே கட்டப்பட்ட இன்போர்டு படகில் எஞ்சின் பின்னால் தொங்குவதில்லை. படகின் நடுவே, தளத்துக்கு மேல் துருத்தி நிற்கும் ஒரு பெட்டிக்குள் அது இருக்கும். அதிலிருந்து புறப்படும் ஷாஃப்ட் படகின் அடியைத் துளைத்துச் சாய்வாக இறங்கும். அதன் முனையில், படகின் வயிற்றுக்கு அடியிலேயே, விசிறி சுழலும். சறுக்குபவரின் கயிறு கட்டப்படும் கம்பமும் எஞ்சினை ஒட்டி நடுவிலேயே நிற்கும். இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. சறுக்குபவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கும்போது, கயிறு படகின் கடைசியில் கட்டப்பட்டிருந்தால் வால் அந்தப் பக்கம் இழுபட்டுப் படகு திசைமாறும். நடுவில் கட்டினால் அந்த இழுப்பு படகின் போக்கை அதிகம் கெடுக்காது. எடையும் நடுவில் குவிவதால் பின்புறம் தாழ்ந்து ஆழமாக உழாது; பின்னால் எழும் அலை சிறிதாகவும் மென்மையாகவும் இருக்கும்.

நீர்ச்சறுக்கு பிறந்தது 1922இல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், லேக் சிட்டி என்ற ஊரை ஒட்டிய பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் இரண்டு பைன் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னால் நீரின் மேல் நின்றார். 1936இல் புளோரிடாவில் டிக் போப் தொடங்கிய சைப்ரஸ் கார்டன்ஸ், இந்த விளையாட்டைக் காட்சியாக்கி நாடெங்கும் பரப்பியது. ஆனால் அதற்கென்று தனிப் படகு உருவாக வெகுகாலம் ஆயிற்று. புளோரிடாவில் நீர்ச்சறுக்குப் பள்ளி நடத்திய லியோ பென்ட்ஸ், கண்ணாடி இழையில் ஒரு படகை வடிவமைத்தார். 1925இல் டபிள்யூ. சி. மெலூன் தொடங்கிய கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் 1961இல் அந்த வடிவத்தை வாங்கிக்கொண்டது. ஸ்கீ நாட்டிக் என்ற பெயர் அங்கிருந்து வளர்ந்தது. 1968இல் டென்னசி மாநிலத்தின் மேரிவில்லில் ராப் ஷெர்லி ஒரு குதிரைக் கொட்டகையில் முதல் மாஸ்டர் கிராஃப்டைக் கட்டினார். இந்த இரு பெயர்களுக்கும் இடையிலான போட்டியில்தான் 1970களிலும் 1980களிலும் நல்ல ஸ்கீ படகுகள் பல உருவாயின.

அவற்றில் இன்றும் மக்கள் தேடிப்பிடித்து வாங்குவது, 1982 முதல் 1989 வரை கட்டப்பட்ட ஸ்கீ நாட்டிக் 2001. நீளம் ஏறத்தாழ 19 அடி. ஃபோர்டு நிறுவனத்தின் 351 கன அங்குல, அதாவது 5.8 லிட்டர் வி-8 எஞ்சினை பி.சி.எம். என்ற நிறுவனம் படகுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தது. திறன் ஏறத்தாழ 240 குதிரைத்திறன். இன்று விற்பனைக்கு வரும் புதிய படகுகளில் மிகப்பல, எடைநீரை நிரப்பிக்கொண்டு பெரிய அலையை எழுப்புவதற்கென்றே கட்டப்படுபவை. ஒற்றைப் பலகையில் மிதவைகளைச் சுற்றி வளைய விரும்புகிறவருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான படகு. அது பழையதில் கிடைக்கிறது. புதியதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. அதனால்தான் நாற்பது வயதான படகுக்கும் கிராக்கி குறையவில்லை.

வாங்கப் போகிறவர் முதலில் திறந்து பார்ப்பது எஞ்சின் பெட்டியை. பார்க்க வேண்டிய இடம் அதற்கும் கீழே இருக்கிறது. எஞ்சின் கெட்டால் வேறொன்று வாங்கலாம். 351 எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. படகின் எலும்பு கெட்டுப்போயிருந்தால் மற்றதெல்லாம் பளபளப்பாக இருந்தும் பயனில்லை.

அந்த எலும்பின் பெயர் ஸ்ட்ரிங்கர். அணியத்திலிருந்து பின்புறம் வரை படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்கள் அவை. அந்தக் காலத்துப் படகுகளில் ஃபிர் மரத்தை வைத்து, அதன்மேல் கண்ணாடி இழையைப் போர்த்தி ரெசின் பூசியிருப்பார்கள். எஞ்சினின் முழு எடையும், கயிற்றின் இழுப்பும், அலையில் மோதும் அதிர்ச்சியும் இந்தச் சட்டங்கள் மேல்தான் இறங்குகின்றன. சட்டங்களுக்கு இடையே மிதப்புக்காக நுரை நிரப்பி, மேலே ஒட்டுப்பலகைத் தளம் போட்டு, கம்பளம் விரித்துவிடுவார்கள். மரத்தை அழிக்கும் நீர் ஏரியிலிருந்து அடிவழியே ஏறி வருவதில்லை. பெரும்பாலும் மேலிருந்து இறங்குகிறது. மூடாமல் நிறுத்திய படகில் பெய்யும் மழை, நனைந்த உடலோடு ஏறுகிறவர்கள் சிந்தும் நீர், இரண்டும் கம்பளத்தில் ஊறி, இருக்கைகளை முடுக்கிய திருகாணித் துளைகள் வழியே மரத்துக்குள் போகின்றன. நுரை அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே போக வழியில்லாத ஈரத்தில் மரம் மெல்ல மெல்லச் சோறாகிறது. மேலே போர்த்திய கண்ணாடி இழை மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தொட்டுப் பார்க்கும் வழிகள் உண்டு. எஞ்சினைத் தாங்கும் கால்கள் நீண்ட மரத்திருகாணிகளால் ஸ்ட்ரிங்கரில் இறக்கப்பட்டிருக்கும். ஸ்பானரைப் போட்டு அவற்றை இறுக்கிப் பார்த்தால், நல்ல மரம் உடனே எதிர்ப்புக் காட்டும். பிடிப்பே இல்லாமல் திருகாணி சுற்றிக்கொண்டே போனால் உள்ளே மரம் இல்லை என்றே கொள்ள வேண்டும். சிறு சுத்தியலின் பிடியால் சட்டத்தின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போவது இன்னொரு வழி: கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் ஈரம் இருக்கிறது. தளத்தில் குதிகாலை ஊன்றி நடந்தால் மெத்தென்று அமுங்கும் இடங்களும் தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் படகை எடைமேடையில் ஏற்றி, டிரெய்லரின் எடையைக் கழித்து, தயாரிப்பாளர் தந்த எடையோடு ஒப்பிடலாம். நீர் குடித்த நுரை நூற்றுக்கணக்கான பவுண்டைக் கூட்டியிருக்கும். விற்பவர் இதற்கெல்லாம் இடம்கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்து எஞ்சின். எட்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து, ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. குளிர் நாட்டுப் படகுகளுக்கு இது பெரிய எச்சரிக்கை. இந்த எஞ்சின்கள் ஏரி நீரையே உறிஞ்சிக் குளிர்கின்றன. குளிர்காலத்துக்கு முன் அந்த நீரை வடிக்காமல் விட்டால் உறைந்து, ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து, இரும்பு உடலையே பிளந்துவிடும். வடிகால் திருகைக் கழற்றியும் நீர் வராவிட்டால் உள்ளே நீரில்லை என்று நினைத்துவிடக் கூடாது. துருத்துகள் துளையை அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் கிளறினால்தான் நீர் கொட்டும். எத்தனையோ நல்ல எஞ்சின்கள் இந்த ஒரு கம்பி வேலையைச் செய்யாததால் வீணாகியிருக்கின்றன.

காகிதங்களையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டப்பட்ட படகுகளில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி, பின்பக்கத்தின் வலது மேல் மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும். அது உரிமைச் சான்றில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். டிரெய்லருக்குத் தனிச் சான்று தேவைப்படும் மாநிலங்களும் உண்டு.

ஸ்ட்ரிங்கர் கெட்டிருந்தும் படகை விரும்பி வாங்கியவருக்கு நீண்ட வேலை காத்திருக்கிறது. சட்டத்தில் துளைகள் போட்டு எப்பாக்சி ரெசினை ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. ஈரம் நிறைந்த மரத்துக்குள் எப்பாக்சி ஊடுருவாது. சிதைந்த மரத்தைச் சுற்றி ஒரு மூடியாக நின்றுவிடும். இந்த வேலையில் குறுக்குவழி கிடையாது.

முதல் கவலை படகின் வடிவம். ஸ்ட்ரிங்கரை எடுத்துவிட்டால் அடிப்பகுதி வளைந்துகொடுக்கும் வெறும் ஓடு. டிரெய்லரிலோ தாங்கியிலோ அது சமமாக உட்காரும்படி பல இடங்களில் முட்டுக்கொடுத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். அடிப்பகுதி சிறிதளவு குழிந்தாலும் பிதுங்கினாலும் படகு அணியத்தை அமுக்கிக்கொண்டோ துள்ளிக்கொண்டோ ஓடும். பிறகு அதைச் சரிசெய்வது மிகக் கடினம். எஞ்சினை இறக்கும் முன் அதன் கால்கள் நிற்கும் உயரம், சட்டங்களுக்கு இடைப்பட்ட தூரம், தளத்தின் மட்டம் எல்லாவற்றையும் அளந்து குறித்து, அட்டையில் மாதிரியும் வெட்டி வைத்துக்கொள்வார்கள். பிறகு தளத்தை அறுத்து எடுத்து, நுரையை மண்வெட்டியால் வெட்டி அள்ளுவார்கள். நீர் ஊறிய நுரை கனத்த கட்டிகளாக, அழுகல் நெடியோடு வரும். பழைய சட்டத்தைப் பெயர்த்து, ஒட்டியிருந்த இடத்தைச் சுத்தமான கண்ணாடி இழை தெரியும்வரை அரைத்தெடுக்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. நல்ல முகக்கவசமும் உடலை மூடும் உடையும் இல்லாமல் யாரும் அரைக்கும் இயந்திரத்தைத் தொடக் கூடாது.

புதுச் சட்டத்துக்கு மரத்தையே வைக்கலாமா, அழுகாத நுரைப்பலகையை வைக்கலாமா என்பது ஓயாத விவாதம். நன்றாக உலர்ந்த ஃபிர் மரத்தைச் சுற்றிலும் ரெசினால் அடைத்து, அதில் போடும் ஒவ்வொரு துளையையும் எப்பாக்சி பூசி மூடினால் அது முதல் மரத்தைவிட நீண்ட காலம் உழைக்கும். முதல் மரம் கெட்டது மரமாக இருந்ததால் அல்ல; திறந்த துளைகளால். ரெசினில் எப்பாக்சி விலை கூடுதல். ஆனால் ஏற்கெனவே இறுகிப்போன பழைய இழையின்மேல் அதுவே பாலியெஸ்டர் ரெசினைவிட உறுதியாகப் பற்றும். அதனோடு சாதாரண நறுக்கிழை மேட்டைப் பயன்படுத்தக் கூடாது. அந்த மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும். தைத்து இணைத்த குறுக்கிழைத் துணியே எப்பாக்சிக்கு ஏற்றது. சட்டமும் அடிப்பகுதியும் சேரும் மூலையைக் கூராக விடாமல், கெட்டியாகக் கலந்த எப்பாக்சியை வைத்து உருண்டையாக வழித்த பிறகே துணியைப் போர்த்த வேண்டும். கூரான மூலையில் இழை மடங்கும். அடியில் காற்று தங்கும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

எஞ்சின் வேலையில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தப் படகுகளின் எஞ்சின்களில் பல, கார் எஞ்சினுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. கேம் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், கிராங்க் ஷாஃப்டின் எண்ணெய் சீல், பிளக் எரியும் வரிசை எல்லாமே அதற்கேற்ப மாறும். சுழலும் திசையை உறுதிசெய்யாமல் எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது. கார் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கிருந்து ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ கார்பரேட்டரையோ வாங்கி மாட்டுவது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; காரில் அது கீழிறங்கிக் கலைந்துவிடும், படகில் அடித்தளத்திலேயே தேங்கி நிற்கும். படகுக்கான மின்கருவிகள் உள்ளே எழும் பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்டவை. படகுக்கான கார்பரேட்டரில் வழியும் பெட்ரோல் வெளியே கொட்டாமல் எஞ்சினின் தொண்டைக்குள்ளேயே போகும். அதன்மேல் சுடர்த்தடுப்பான் இருக்க வேண்டும். கிளப்பும் முன் காற்று ஊதியை 4 நிமிடம் ஓடவிட்டு ஆவியை வெளியேற்றுவது படகோட்டிகளின் பொதுவிதி.

குளிர்நீர்ப் பாதையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நீரை உறிஞ்சும் பம்பின் ரப்பர் இம்பெல்லரை ஒவ்வொரு பருவத்திலும் மாற்ற வேண்டும். அதன் இதழ் ஏதேனும் உடைந்திருந்தால் துண்டைத் தேடி எடுக்காமல் விடக் கூடாது, எஞ்சினுக்குள் போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். பல படகுகளில் நீர் முதலில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழலுக்குள் நுழைகிறது. அதன் வாயில் ஏரிப்பாசி படர்ந்து அடைத்துக்கொண்டால் எஞ்சின் சூடேறும். காரணம் தெரியாமல் ஆட்கள் தெர்மோஸ்டாட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இருக்கை உறை, மேற்பூச்சு, கம்பளம் எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் முடிந்துவிடும். மங்கிய ஜெல்கோட் மேற்பூச்சைப் பெரும்பாலும் வண்ணம் பூசி மறைக்கத் தேவையில்லை. நீர்விட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினால் பழைய நிறம் திரும்பும்.

ஷாஃப்டை நேர்கோட்டில் நிறுத்துவதே கடைசிப் பெரிய வேலை. கியர்பாக்ஸின் தட்டும் ஷாஃப்டின் தட்டும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால், இடைவெளி வேறுபாடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டிரெய்லரில் இருக்கும்போது அளந்தது நீரில் இறக்கியதும் மாறும்; படகு மிதந்து தன் வடிவத்தில் அமர்ந்த பிறகு மறுபடி அளந்து, எஞ்சின் கால்களைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாத படகு அதிர்ந்துகொண்டே ஓடி, ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடும். புதுக் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் வெறுமனே நிறுத்தி ஓட்டாமல், துத்தநாகம் கலந்த எண்ணெயோடு நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டிப் பழக்க வேண்டும்.

பிறகு, ஒற்றைப் பலகையில் மிதவைகளைச் சுற்றி வளையும் ஸ்லாலம் பாதையில் சோதனை. நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையே 259 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருபுறமும் மாறி மாறி ஆறு மிதவைகள். ஆண்களுக்கு உச்சவேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. சறுக்குபவர் பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து இழுக்கும்போதும் படகு நடுக்கோட்டைவிட்டு விலகாமல், வேகம் இறங்காமல் ஓடினால் ஸ்ட்ரிங்கரும் அடிப்பகுதியும் சரியாக அமைந்திருக்கின்றன என்று கொள்ளலாம். கரைக்கு வந்ததும் எஞ்சின் கால்களின் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பார்கள். டிரெய்லரில் ஏற்றியதும் வடிகால் அடைப்பைக் கழற்றி, அணியம் சற்று உயர்ந்து நிற்கும்படி முட்டுக்கொடுத்து, உள்ளே காற்று புழங்கும்படி உறையைப் போர்த்தி நிறுத்துவார்கள்.