அண்டை வீட்டாரை அறிவோம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே. வீடு கட்டுவோர் மனையின் திசையைப் பார்க்கின்றனர், மண்ணைப் பார்க்கின்றனர், தண்ணீரின் சுவையைப் பார்க்கின்றனர். அண்டையில் வாழ்வோர் யாரென்று விசாரிப்போர் எத்தனை பேர்?

புதுவை நகரின் தென்பகுதியிலுள்ள காஜியார் வீதியையும் முல்லா வீதியையும் நாம் அறிவோம். அங்குள்ள பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. வீதியோரம் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை. தாழ்வாரம் நடந்து செல்வோருக்கு நிழல்; திண்ணை களைத்து வருவோருக்கு இருக்கை. தம் வீட்டின் ஒரு பகுதியை ஊருக்கென விட்டுக் கொடுத்தே நம் முன்னோர் வீடு கட்டினர். ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையெனில் அடுத்த வீடு அறியும். கேளாமலே கிண்ணம் வந்து சேரும்.

இத்தகைய தமிழ் வீதிகளுள் ஒன்றான வைசியாள் வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. தூணையும் திண்ணையையும் கொத்தனார் புதுப்பித்துவிடலாம். அண்டை உறவை நாமன்றோ புதுப்பிக்க வேண்டும்!

இன்று நம் நோணாங்குப்பத்தில் புதிய வீடுகள் பெருகி வருகின்றன. காற்றும் வெளிச்சமும் தாராளம். ஆனால் மதில்களும் உயரம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுவையில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரமற்ற அவ்விரவில் மதிலின் மேலாக மெழுகுவர்த்தியும் தேநீரும் கைமாறின. வெள்ளம் வடிந்தது, மதில் மீண்டும் மதிலாயிற்று.

அதன் பின்னர் நம் பகுதியில் தனித்து வாழ்ந்த முதியவர் ஒருவர் மூன்று நாட்கள் காய்ச்சலில் கிடந்தார். பால் கொண்டு வந்தவர்தாம் கண்டறிந்தார். அவ்வாசலை நாள்தோறும் ஐவேளையும் கடந்து சென்ற நாமும் அறியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

குழம்பு ஆக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் வழங்குமாறு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதற்குச் செல்வம் தேவையில்லை. ஒரு குவளைத் தண்ணீர் போதும். அன்னிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனமோ உறவினரான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே கூறுகிறது. எனவே, பக்கத்து வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்களின் உரிமை உரிமையே.

நெருங்கி வாழ்வதில் தொல்லையும் உண்டு. புறம் பேசுதலும் துருவி ஆராய்தலும் அங்கேதான் முளைக்கின்றன. இரண்டும் மார்க்கம் தடுத்தவை. நலம் விசாரிப்பது வேறு. குறை தேடுவது வேறு.

ஜமாஅத்தார்களே! நம் வீட்டின் இருபுறமும் எதிரிலும் உள்ளோரின் பெயர்களையேனும் இவ்வாரத்திற்குள் அறிந்து கொள்வோம். தனித்து வாழும் முதியோரைத் தினம் ஒருமுறை அழைத்துப் பேசுவோம். இளைஞர்கள் இப்பொறுப்பை முறைவைத்து ஏற்க வேண்டுகிறோம். திண்ணை இல்லாத வீட்டிலும் திண்ணை மனம் இருக்கலாம்.

அத்தகைய மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.