பள்ளி வாசலில் நிற்கும் புகை

(நாகமலை புதுக்கோட்டையில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் ஊருக்கு அருகிலுள்ள சமணமலையின் பேச்சிப்பள்ளத்தில், குரண்டித் திருக்காட்டாம்பள்ளி மாணாக்கர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை அறிவீர்கள். துறவியர் தங்கிய இடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே இன்று நம் பிள்ளைகள் பயிலுமிடத்திற்குப் பெயராகி நிற்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்த அப்பெரியோர் நாடிவந்த இம்மலையடிவாரத்தில், பிள்ளைகளின் கவனம் சிதறுவதைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமரமாட்டான். கரும்பலகையில் எழுதியதைப் பாதியில் விட்டுவிடுவான். சொன்னது மறுநொடியே மறந்துபோகும். அவனைக் குறும்பன் என்று முடிவு கட்டிப் பல நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். ஒருமுறை அவன் வீட்டுக்குச் சென்றபோது, பக்கத்துக் கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை அவன் படுக்கும் திண்ணைவரை வந்தது. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஈயத்தைப் பற்றிப் படித்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அவன் இரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே ஈயந்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அவனை வெளியே நிறுத்தியது நான்தான்.

ஈயம் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு நுழைகிறது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்த இடத்தை ஈயம் பிடித்துக்கொள்கிறது. வளர்ந்தவர் விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும். குழந்தைக்கோ பாதியளவு சேர்ந்துவிடும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளையாயின் இன்னும் கூடுதல். 1979-இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன், பிள்ளைகளின் விழுந்த பால்பற்களில் ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் மிகுந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் கவனம் குறைந்திருந்ததை அவர்தம் ஆசிரியர்களின் மதிப்பீடுகள் காட்டின.

அது அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்க வேண்டா. நம் சென்னையில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் செய்த பணி அது. அக்குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஈயம் கூடக்கூட, பதற்றமும் கவனக்குறைவும் கூடின. அமெரிக்காவில் இன்று 3.5 மைக்ரோகிராம் கண்டாலே கவலைகொள்கிறார்கள்! இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர்ச் சோதிக்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். காற்றில் கலப்பதை நிறுத்தினாலும், மண்ணில் படிந்தது எளிதில் போவதில்லை. பேட்டரிக் கொட்டகைகளும் பழைய வண்ணப்பூச்சுகளும் வேறு இருக்கின்றன.

இனி வண்டிப்புகை. அதிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. நுரையீரலைக் கடந்து குருதியிலும் கலக்கவல்லவை. பார்சிலோனா நகரில் 39 பள்ளிகளைச் சேர்ந்த 2,715 பிள்ளைகளை ஓராண்டு கவனித்தார்கள். சற்றுமுன் கண்டதை நினைவில் இருத்தும் திறன், புகை குறைந்த பள்ளிகளில் 11.5 விழுக்காடு வளர்ந்தது. புகை மிகுந்த பள்ளிகளில் 7.4 விழுக்காடே வளர்ந்தது. 2015-இல் வெளியான முடிவு இது.

ஒன்றை மறைக்கக் கூடாது. கவனக்குறைவுக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஐரோப்பாவில் 29,000-க்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளை ஆராய்ந்தபோது, கருவுற்ற காலத்துக் காற்று மாசுக்கும் அக்கோளாற்றின் அறிகுறிகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. எனவே துறுதுறுப்பான பிள்ளையைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ஐயமிருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஈயத்தின் கேட்டில் மட்டும் ஐயமே இல்லை. மற்றப் புகையைக் குறைப்பதனாலும் யாருக்கும் நட்டம் வாராது.

நம் ஊர் தேனி நெடுஞ்சாலை மேல் இருக்கிறது. லாரிகளை நாம் நிறுத்த முடியாது. காற்றுத் தூய்மைக்கெனப் பதினைந்தாம் நிதிக்குழு நிதி வழங்கிய பெருநகரங்களுள் மதுரையும் ஒன்று. அந்நிதி எங்கே செலவாகிறது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. நம் கையிலேயே இருப்பவை வேறு. தெருமுனையில் நெகிழிக் குப்பையைக் கொளுத்துவது நம் வேலைதான். பள்ளி விடும் நேரத்தில் வேனையும் ஆட்டோவையும் அணைக்காமல் உறுமவிட்டுக் காத்திருப்பதும் நாம்தான். அப்புகை வெளிவரும் உயரத்துக்குப் பெரியவர்களின் மூக்கைவிட முதல் வகுப்புப் பிள்ளையின் மூக்கே அருகில் இருக்கிறது. பேட்டரி உடைக்கும் கொட்டகை குடியிருப்புக்கிடையே கண்ணில் பட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதுங்கள். எழுதத் தயங்குவோர் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

காற்றிலும் உயிருண்டு என்று கருதி வாயைத் துணியால் மறைத்துப் பேசும் துறவியர் வழிவந்த அவை இது. ஆகவே துணிந்து ஒன்று கேட்கிறேன். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கு, வண்டி ஓட்டுநர்களிடம் இன்ஜினை அணைக்கச் சொல்ல நான் பள்ளி வாசலில் நிற்பேன். என்னோடு நிற்க நால்வர் வேண்டும். பெயர் கொடுப்போர் இக்கூட்டம் முடிந்ததும் மேடையருகே வாருங்கள்.