பழைய ஃபோர்க்லிப்டுக்கு எஞ்சின் தேடிய கதை

(மாதாந்த நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஸ்டோர்ல அந்த மெஷின் எப்ப ஓடும்?" என்று போன கூட்டத்தில் கேட்டீங்க. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

ரேடியேட்டரில் தண்ணி வற்றியதைப் பார்க்காமல் ஓட்டியதில் எஞ்சின் புளொக் வெடித்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஏழு கிழமை, ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட தூள் சாக்குகளை நம்ம பையன்மார் முதுகில்தான் லொறிக்கு ஏற்றினார்கள். ஒரு தம்பிக்கு இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள். புது எஞ்சின் விலையைக் கேட்ட துரை, மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுவோம் என்றார். நாங்கள் தவணை கேட்டோம்.

முதலில் எஞ்சினில் அடித்திருந்த நம்பரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் படித்தோம். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல், 152 கன அங்குலம், அதாவது 2.5 லீற்றர். மெசி பேர்கசன் 135 டிரக்டரில் இருப்பதும் இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். அட, நம்ம தோட்டத்தில் கொழுந்து இழுத்த சாதி! டிரக்டர் எஞ்சின் ஒன்றை வாங்கி அப்படியே வைத்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டோம்.

வேர்க்சொப் பாஸ் சிரித்தார். டிரக்டருக்கு எஞ்சின்தான் முதுகெலும்பு. முன் அச்சையே அது தாங்குவதால், அடியிலுள்ள எண்ணெய்ச் சட்டி கனத்த வார்ப்பிரும்பு. அது ஃபோர்க்லிப்டுக்குள் உட்காராது. "ஃப்ளைவீல், அதோட கூடு, ஹைட்ரோலிக் பம்ப் பூட்டுற இடம் எல்லாம் வேற. புளொக்கும் ஹெட்டும் நல்லதா இருக்கான்னு பாருங்க. மிச்சத்தை நம்ம பழசுலேர்ந்து கழற்றிப் போடுவோம்" என்றார். டீசல் பம்பையும் பழசிலிருந்தே எடுக்கச் சொன்னார். டிரக்டருக்கு வைத்த வேகம் ஸ்டோருக்குச் சரிவராதாம்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனோம். முதல் கடையில் தொட்டவுடனே எஞ்சின் கிளம்பியது. புளொக்கில் கை வைத்தால் இளஞ்சூடு. நாங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள்! "நாளைக் காலையில் குளிர்ந்தபடி கிளப்பிக் காட்டுங்க" என்றோம். முகம் மாறிவிட்டது. வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாவது கடையில் குளிர்ந்த எஞ்சின், இரண்டாம் தடவை பிடித்தது. எண்ணெய் மூடியைத் திறந்தோம், புகை தள்ளவில்லை. எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் நிறம் இல்லை, அப்படியென்றால் தண்ணி கலக்கவில்லை. நம்பரைப் பில்லில் எழுத வைத்து, வெடிப்பு இருந்தால் திருப்பி எடுப்பதாகக் கையெழுத்தும் வாங்கினோம். அந்தத் துண்டுக் கடதாசி இல்லாமல் காசைக் கொடுத்துவிடாதீங்க.

பூட்ட நாலு நாள் போனது. புகைக்குழாயில் இருந்த ஓட்டையையும் அடைத்தோம். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. முதல்நாள் பாதிப் பாரம்தான் தூக்க விட்டோம்.

இப்போது மெஷின் ஓடுகிறது. ஸ்டோர் கதவில் ஒரு கொப்பி தொங்குகிறது. ஓட்டுகிறவர் காலையில் தண்ணியும் எண்ணெயும் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் சாவி கிடைக்கும். இடுப்புப் பிடித்த தம்பி வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார், சாக்குத் தூக்க அல்ல, எண்ணிக்கை எழுத.