மன்னிப்பும் முறையீடும்
(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்குத் தீங்கிழைத்தோரை மன்னித்தல் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். எளிய பொருளன்று. அடித்தவனை ஏனென்று கேளாதவர்கள், அடிபட்ட நம் மக்களுக்கு மட்டும் பொறுமையைப் போதித்ததுண்டு. தேவாலயத்திற்குள்ளும் அது நிகழ்ந்ததுண்டு.

இராயபுரத்திற்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ளது புளியந்தோப்பு. 1921 ஜூனில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டபோது, ஆதிதிராவிடரில் பெரும்பாலோரும் கிறிஸ்தவரில் சிலரும் வேலைக்குச் சென்றனர். அம்மாத இறுதியில் நம்மவர் குடிசைகள் தீக்கிரையாயின. வியாசர்பாடி முகாமில் பலர் அடைக்கலம் புகுந்தனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தது. பகைத்துக்கொண்டவர்கள் மீண்டும் ஒரே சங்கொலி கேட்டு ஒரே வாயிலில் நுழைந்தனர். முதல் நாள் தறியருகே நின்று அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

இயேசு பெருமான் மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர். சிலுவையில் அறைந்தோருக்காகப் பிதாவிடம் வேண்டியவர். அவரே பிரதான ஆசாரியன் முன்னிலையில் காவலன் ஒருவன் அறைந்தபோது, தாம் பேசியதில் குற்றம் இருந்தால் அதை எடுத்துக்காட்டுமாறும், இல்லையேல் அடித்தது ஏனென்றும் கேட்டதாக யோவான் எழுதுகிறார். அவருக்குப் பகையில்லை, ஆயினும் கேள்வி கேட்டார். இந்தப் பகுதியைப் பிரசங்கங்களில் நாம் அரிதாகவே கேட்கிறோம்.

1999 ஜனவரி 22ஆம் நாள் இரவு, ஒரிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளர் தொண்டரான ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸும், 10 வயதுப் பிலிப்பும், 6 வயதுத் தீமோத்தியும் ஊர்தியில் உறங்கியபோது எரித்துக் கொல்லப்பட்டனர். மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். மகள் எஸ்தருடன் பாரிபதாவிலேயே தங்கி, நோயாளிகளுக்கு 2004 வரை தொண்டு புரிந்தார். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதிலும் அவர் தெளிவாயிருந்தார். முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரணதண்டனையை உயர்நீதிமன்றம் 2005இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. உச்சநீதிமன்றம் 2011இல் அதனை உறுதி செய்தது. அம்மையாரின் மன்னிப்பு எந்த நீதிமன்றத்தின் கதவையும் அடைக்கவில்லை.

ஆகவே, இளைஞர்களே, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி புகார் கொடுப்பவனை மன்னிக்கத் தெரியாதவன் என்று எவரேனும் பழித்தால், நாணித் தலைகுனியாதீர். சகேயு என்னும் வரி வசூலிப்பவன் ஆண்டவரைத் தன் வீட்டில் வரவேற்றபோது வெறும் கண்ணீர் வடிக்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். கணக்குத் தெரிந்த மனந்திரும்புதல் அது!

நம் தெருவில் துறைமுகத்தில் மூட்டை சுமந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மேஸ்திரி ஒருவர் பல ஆண்டுகள் அவருடைய கேங்கின் வேலை நாட்களைக் குறைத்தெழுதி வந்தார். பின்னாளில் அந்த மேஸ்திரி நோயுற்றுப் படுத்து ஆளனுப்பினார். பெரியவர் போனார், அருகில் அமர்ந்து கஞ்சி ஊட்டினார். “மேஸ்திரி, உங்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் நம் கேங்கில் இறந்துபோனவனின் சம்சாரத்திற்கு நாற்பது நாள் கூலி பாக்கி நிற்கிறதே” என்றார். அடுத்த வாரம் மேஸ்திரியின் மகன் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அவ்வம்மாவிடம் கொடுத்தான். மற்றவர்களின் பாக்கி வரவில்லை. பெரியவர் அதைத் தம் கடைசி நாள்வரை கேட்டுக்கொண்டேயிருந்தார்.